மேடு ஏறலாமா, டாக்டரம்மா?

முதலில் ஒரு திருத்தம். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் 'டாக்டரம்மா' என்றுதான் தொடங்குகின்றன. நான் டாக்டர் இல்லை. குன்னூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பிசியோதெரபி பார்க்கிறேன். மருந்தை மாற்றுவதும் ஸ்கேனைப் பார்த்துத் தீர்ப்பு சொல்வதும் என் வேலை இல்லை. கையை எவ்வளவு தூக்கலாம், எவ்வளவு தூரம் நடக்கலாம், எங்கே நிற்க வேண்டும் என்பது என் வேலை. போன இதழில் முழங்கால் வலி பற்றி எழுதும்போது, போகிற போக்கில், 'புற்றுநோய்க்காரர்களுக்கும் உடற்பயிற்சி உண்டு' என்று ஒரு வரி போட்டேன். முழங்காலை எல்லோரும் மறந்துவிட்டார்கள். அந்த ஒரு வரிக்குத்தான் இத்தனை கடிதம்.

கோத்தகிரி பக்கம் இருக்கிறேன். வயது 56. பெருங்குடலில் இருந்த கட்டியை எடுத்து, கோயம்புத்தூரில் ஆறு மாதம் கீமோ ஏற்றி, மார்கழியில் முடிந்தது. நடந்தால் நோய் திரும்பாது என்று மகன் போனில் செய்தி காட்டுகிறான். மனைவியோ வாசல் தாண்ட விடுவதில்லை. எங்கள் வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு 84 படி. பாதம் இரண்டும் இன்னும் மரத்தே இருக்கிறது, செருப்பு கழன்றால்கூடத் தெரிவதில்லை. யார் சொல்வதைக் கேட்க?

படியை எண்ணி எழுதினீர்களே ஐயா, எனக்குப் பதில் சொல்வது பாதி சுலபமாகிவிட்டது.

மகன் காட்டிய செய்தி பொய் இல்லை. 'திரும்பாது' என்பது மட்டும் கொஞ்சம் அதிகம். 'சேலஞ்ச்' என்ற பெயரில் ஓர் ஆய்வு 2025 ஜூனில் வெளிவந்தது. கனடா, ஆஸ்திரேலியா முதலான 6 நாடுகளில் 889 பேர். எல்லோரும் உங்களைப் போலவே குடல் கட்டிக்கு ஆபரேஷனும் கீமோவும் முடித்தவர்கள். ஒரு பாதிக்கு, 'நன்றாகச் சாப்பிடுங்கள், உடம்பை அசையுங்கள்' என்று அச்சடித்த தாள்களைக் கொடுத்து அனுப்பினார்கள். மறு பாதிக்குக் கூடவே ஒரு பயிற்சியாளரை வைத்து, 3 வருஷம் விடாமல் செய்ய வைத்தார்கள். 8 வருஷம் கழித்துப் பார்த்தபோது தாள் வாங்கிப் போனவர்களில் நூற்றுக்கு 83 பேர் உயிரோடு இருந்தார்கள், பயிற்சி செய்தவர்களில் நூற்றுக்கு 90 பேர். ஒரு மருந்து இந்த வித்தியாசத்தைக் காட்டியிருந்தால் அதன் விலை என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சி செய்தவர்களுக்குத் தசைப்பிடிப்பும் மூட்டுவலியும் கொஞ்சம் கூடுதலாகவே வந்தன. அப்புறம், இது குடல் கட்டிக்கான கணக்கு. எல்லாப் புற்றுநோய்க்கும் இதையே போட முடியாது.

அவர்கள் புதிதாகச் சேர்த்துக்கொண்ட பயிற்சி என்று பார்த்தால், ஏறக்குறைய வாரத்தில் 3 அல்லது 4 நாள், 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை வேகமான நடை. எது வேகம்? கூட வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது.

ஆனால் அந்த ஆய்வுக்காரர்கள் உங்கள் 84 படியைப் பார்த்தவர்கள் இல்லை. குடல் கட்டிக்குப் பெரும்பாலும் ஆக்ஸாலிபிளாட்டின் என்ற மருந்து கொடுப்பார்கள். பாதம் மரத்துப் போவது அதன் வேலை. மருந்தை நிறுத்திய பிறகும் சில மாதம் கூடிவிட்டு, அப்புறம்தான் மெல்லக் குறையத் தொடங்கும். எல்லோருக்கும் முழுசாகப் போய்விடும் என்று சொல்ல மாட்டேன். இப்படி மரத்த காலோடு ஏறுவதில் பெரிய ஆபத்தில்லை, மூச்சு வாங்கினால் நிற்கப் போகிறீர்கள். ஆபத்து இறங்கும்போதுதான். கீழ்ப்படி எங்கே இருக்கிறது என்று பாதம் மூளைக்குச் சொல்ல வேண்டும். உங்கள் பாதம் இப்போது சரியாகச் சொல்வதில்லை. நம் ஊர்ப் படிகளில் பாசி வேறு. அதனால் முதல் ஒரு மாதத்துக்குப் படியைப் பயிற்சியாக எண்ணாதீர்கள், அது ரோட்டுக்குப் போகிற வழி மட்டும். ஒரு பக்கமாவது பிடித்துக்கொள்ளக் குழாய் அடித்துவிடுங்கள். செருப்பு வேண்டாம், பின்பக்கம் மூடிய ஷூ போடுங்கள். ரோட்டில் சமமான இடமாகப் பார்த்துக் காலை 10 நிமிஷம், மாலை 10 நிமிஷம் நடங்கள். வாரத்துக்கு வாரம் இரண்டு மூன்று நிமிஷம் கூட்டிக்கொண்டே போகலாம். வீட்டில் சுவரோரமாக நின்று, ஒரு விரலால் சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் 10 எண்ணுங்கள். தடுமாறாமல் 10 வரை வந்த பிறகு படியைப் பற்றிப் பேசலாம்.

காலை என்று சொன்னதும் ஐந்தரை மணிக்குக் கிளம்பிவிடாதீர்கள். கரடியும் காட்டு மாடும் அந்த நேரத்தில்தான் தேயிலைக்குள்ளிருந்து ரோட்டுக்கு வருகின்றன, நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வெயில் ஏறி 9 மணிக்கு மேல் போய், சாயங்காலம் 5 மணிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

ராத்திரி படுக்கும் முன் பாதத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். முள் குத்தியிருந்தாலும் உங்களுக்குத் தெரியாது. கரி அடுப்பில் கால் காய்கிற பழக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். சுடுவது தெரியாமல் வெந்துபோன பாதத்தை நான் பார்த்திருக்கிறேன்.

உங்கள் மனைவியைத் தப்பு சொல்ல மாட்டேன். பயத்தில் தடுக்கிறார். கூட நடக்க அவரையே கூப்பிடுங்கள்.

இதே மருந்து இப்போது ஏறிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு முறை ஏற்றிய பிறகும் சில நாளைக்குக் குளிர்ந்த எதையும் தொட்டால் விரலில் சுருக்கென்று ஊசி குத்தும், குளிர்காற்றை இழுத்தால் தொண்டை அடைத்ததுபோல் இருக்கும். சமவெளியில் ஐஸ் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் போதும். உறைபனி விழுகிற ஊட்டியில் குழாய்த் தண்ணீரே ஐஸ்தான். அந்த நாட்களில் வீட்டுக்குள்ளேயே நடங்கள். வெளியே போயே ஆக வேண்டும் என்றால் கையுறை போட்டு, வாயையும் மூக்கையும் மப்ளரால் மூடிக்கொள்ளுங்கள்.

உடம்பை அசைத்தால் ரத்த ஓட்டம் கூடி, கேன்சர் மற்ற இடங்களுக்கும் பரவும் என்று என் சித்தப்பா சொல்கிறார். உண்மையா?

இல்லை. சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு நடங்கள்.

அக்கா, எனக்கு 47 வயது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். இடது மார்பை எடுத்து, அக்குளில் நெறிக்கட்டிகளையும் எடுத்து ஒரு வருஷம் ஆகிறது. கரண்டும் (கதிர்வீச்சு) வைத்தார்கள். இடது கையால் இரண்டு கிலோவுக்கு மேல் வாழ்நாள் முழுக்கத் தூக்கக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். கூடையைத் தூக்காமல் நான் எப்படிச் சாப்பிடுவது? இப்போது கை தலைக்கு மேல் போவதுமில்லை, மாத்திரை போடுவதால் எல்லா மூட்டும் வலிக்கிறது.

தங்கச்சி, இந்தக் கடிதத்தை நான் இரண்டு நாள் கையிலேயே வைத்திருந்தேன். காரணம் இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், அப்போது நான் இருந்த ஆஸ்பத்திரியில், உன்னைப் போலவே ஓர் அம்மாவுக்கு இதே வாசகத்தை நானே சொல்லி அனுப்பினேன். 'கையை அலட்டிக்காதீங்க, தலையணை மேல வச்சுக்குங்க.' எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது அதுதான். சொன்னபடி கேட்டார், பாவம். ஏழு மாதம் கழித்து வந்தபோது அவரால் கொண்டைகூடப் போட முடியவில்லை. தோள் இறுகிப் போயிருந்தது. மகள் தலை சீவிவிட்டிருந்தாள். அந்தத் தோளைத் திறக்க ஒன்றரை வருஷம் ஆனது. அந்த ஒன்றரை வருஷமும் வலியில் அவர் பல்லைக் கடித்ததை நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தேன்.

கனம் தூக்கினால் கை வீங்கும் என்ற பயத்தை 2009-ல் வந்த ஓர் ஆய்வு உடைத்தது. ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்கள். பாதிப் பேரை வாரத்துக்கு இரண்டு நாள், ஒரு வருஷம், எடை தூக்க வைத்தார்கள். வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமானது, தூக்காதவர்களில் 29 சதவீதம் பேருக்கு, தூக்கியவர்களில் 14 சதவீதம் பேருக்கு மட்டும். அப்படியென்றால் நாளைக்கே கூடையைத் தூக்கலாமா? கூடாது. அந்தப் பெண்கள் சும்மா தூக்கவில்லை. இறுக்கமான கை உறை போட்டுக்கொண்டு, ஆள் பக்கத்தில் நின்று பார்க்க, மிகக் குறைந்த எடையில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள்.

நீ இப்படிச் செய். முதலில் தோள். சுவரைப் பார்த்து நின்று, இடது கை விரல்களைப் பல்லி ஏறுவதுபோல் மேலே நகர்த்து. இழுக்கிற இடத்தில் நிறுத்தி 10 எண்ணு. எட்டிய உயரத்தில் பென்சிலால் ஒரு கோடு போடு, தேதியும் எழுது. ஒரு வேளைக்குப் பத்துத் தடவை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. கோடு மேலே போய்க்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கை தலைக்கு மேல் போன பிறகு எடை. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலில் தொடங்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், மெல்லத் தூக்கி மெல்ல இறக்கு. இரண்டு வாரம் ஒரே எடையில் இரு. வீக்கம் இல்லையென்றால் ஒரு லிட்டர்.

வீக்கத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அதற்கு டேப் வேண்டாம். இடது கையில் இப்போது லேசாகப் போய் வருகிற ஒரு வளையலை வைத்துக்கொள். வாரம் ஒரு நாள், அதே நேரத்தில் போட்டுப் பார். இறுகினால் எடையை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரியில் காட்டு.

கூடைக்கு வருவோம். பட்டையை இடது தோளில் மாட்டாதே. நிறைய விடாமல் அடிக்கடி போய்க் கொட்டு. மேஸ்திரியிடம் சொல்ல வெட்கப்படாதே. கனத்தைவிட நான் பயப்படுவது கீறலுக்குத்தான். நெறிக்கட்டி எடுத்த கையில் கிருமி புகுந்தால் வேகமாகப் பரவும். தேயிலைக் குச்சி கீறும், கவாத்துக் கத்தி படும், அட்டை கடிக்கும். முழங்கை வரை உறை போட்டுக்கொள், கீறினால் உடனே சோப்புப் போட்டுக் கழுவு. கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது, அன்றைக்கே டாக்டர்.

மூட்டுவலிக்கு: நீ போடுவது லெட்ரோசோல் அல்லது அனஸ்ட்ரோசோல் மாத்திரையாக இருக்கும். அதை நீயாக நிறுத்திவிடாதே, நோய் திரும்பாமல் காப்பதே அதுதான். நடையும் எடைப் பயிற்சியும் சேர்த்துச் செய்தால் அந்த வலி குறையும். ஆய்விலும் பார்த்திருக்கிறார்கள், என்னிடம் வருகிறவர்களிடம் நானும் பார்க்கிறேன். மாத்திரை எலும்பையும் கொஞ்சம் தேய்க்கும், அதற்கும் எடைப் பயிற்சி நல்லது.

ஊட்டியில் ஆசிரியையாக இருக்கிறேன். கீமோ நடந்துகொண்டிருக்கும்போதே உடற்பயிற்சி செய்யலாமா? முடிந்த பிறகுதானா?

நடக்கும்போதே செய்யலாம். குணப்படுத்துவதற்கான சிகிச்சை நடக்கிறபோதே உடற்பயிற்சியையும் பரிந்துரைக்கச் சொல்லி அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2022-ல் தன் டாக்டர்களுக்கு வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கீமோ அசதிக்குப் படுக்கை மருந்து இல்லை. படுக்கப் படுக்க அசதி கூடும். வாரத்தில் 3 நாள், அரை மணி நேர நடை, இரண்டு நாள் லேசான எடை. இது நல்ல நாட்களின் கணக்கு. ஊசி போட்டு இரண்டு மூன்று நாள் எழுந்திருக்க முடியாது, அன்றைக்குப் பாத்ரூமுக்குப் போய் வந்தாலே பயிற்சிதான்.

செய்யக் கூடாத நாட்களும் உண்டு. காய்ச்சல் 100.4 தொட்டால் பயிற்சியை மறந்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போன் செய்யுங்கள். நெஞ்சு வலி, தலைச்சுற்றல், ஈறிலோ மூக்கிலோ ரத்தம் என்றாலும் அப்படியே. வெள்ளை அணுக்கள் இறங்கியிருக்கும் வாரத்தில் மார்க்கெட், பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடக்காதீர்கள். இன்னொன்று, ஊட்டி 2,240 மீட்டர் உயரம். சமவெளியில் 8 ஹீமோகுளோபினோடு சமாளிப்பவர் சேரிங்கிராஸ் ஏற்றத்தில் திணறிவிடுவார். கோவையில் கீமோ ஏற்றிக்கொண்டு மலையேறி வந்த மறுநாள் மூச்சு வாங்கினால், 'நோய் முற்றிவிட்டதோ' என்று பயப்படுவதற்கு முன் ரத்தத்தைச் சோதித்துப் பாருங்கள்.

கணவருக்குக் கன்னத்தில் புற்று. ஆபரேஷனும் கரண்டும் முடிந்தது. புகையிலையை விட்டுவிட்டார். இப்போது வாய் திறக்க மாட்டேன் என்கிறது, ஸ்பூன்கூட நுழைவதில்லை.

கோபித்துக்கொண்டு வாய் திறக்காத கணவர்களைப் பற்றித்தான் வழக்கமாகக் கடிதம் வரும். இது வேறு, சீக்கிரம் கவனிக்க வேண்டியது. கரண்டு வைத்த தசை மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் இறுகிக்கொண்டே போகும். நல்ல வாயில் அவரவர் விரல் மூன்று செங்குத்தாக நுழையும். அவருக்கு எத்தனை நுழைகிறது என்று பாருங்கள்.

பெட்டிக்கடைக்காரரிடம் சொன்னால் ஐஸ் குச்சி கட்டாகக் கிடைக்கும். வெந்நீரில் போட்டு எடுத்துக் காய வையுங்கள். எத்தனை குச்சி அடுக்கினால் முன்பற்களுக்கு நடுவே இடிக்காமல் நுழைகிறதோ, அத்தனையை அடுக்கி உள்ளே வைத்து அரை நிமிஷம் இருக்கட்டும். ஐந்து தடவை. ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. ஒரு வாரம் கழித்து நடுவில் ஒரு குச்சி கூடுதலாகச் செருகுங்கள். இழுக்கிற வலி இருக்கலாம், கண்ணில் தண்ணீர் வருகிற வலி கூடாது. பல் ஆடினாலோ, தாடை எலும்பில் புண் இருந்தாலோ முதலில் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். கழுத்திலும் ஆபரேஷன் செய்திருந்தால் அந்தப் பக்கத் தோள் தொங்குகிறதா என்று சட்டையைக் கழற்றிப் பாருங்கள். தொங்கினால் அதற்குத் தனிப் பயிற்சி இருக்கிறது, அவரை நேரில் அழைத்து வாருங்கள்.

மாமனாருக்கு நுரையீரல் புற்று, முதுகெலும்புக்கும் வந்துவிட்டது. இனி மருந்தில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அவரோ வாசல் வரை நடக்கணும் என்கிறார். 'இந்த நிலையில் எதற்கு, படுத்தே இருக்கட்டும்' என்கிறார்கள் சொந்தக்காரர்கள். என்ன செய்ய?

நோயைக் குணப்படுத்தும் மருந்துதான் இல்லை. வலிக்கும் மூச்சுத்திணறலுக்கும் மருந்து உண்டு. வலி தணிப்புச் சிகிச்சை என்று அதைத்தான் சொல்கிறோம்.

முதுகெலும்பில் இருப்பதால் சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். குனிந்து எதையும் எடுக்கக் கூடாது. இடுப்பை முறுக்கித் திரும்பக் கூடாது, படுக்கையில் திரும்பினால் தோளும் இடுப்பும் ஒரே கட்டையாகத் திரும்பட்டும். எவ்வளவு நடக்கலாம் என்று டாக்டரிடம் ஒரு முறை கேட்டுக்கொள்ளுங்கள். திடீரென்று கால் பலமிழந்தாலோ, இடுப்புக்குக் கீழே மரத்தாலோ, சிறுநீர் போவது தெரியாமல் போனாலோ அது அவசரம். தண்டுவடம் நசுங்குகிற அறிகுறி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

இதெல்லாம் இல்லையென்றால், அம்மா, அவரை வாசலுக்குக் கூட்டிப் போங்கள்.

என் அப்பா ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தவர். அவருக்கும் நுரையீரல்தான். தொழிற்சாலைச் சங்கு ஊதும்போதெல்லாம் கேட் வரை போகணும் என்பார். ஊருக்கெல்லாம் நடை சொல்லிக் கொடுக்கும் நான், விழுந்துவிடுவார் என்று மூன்று வாரம் விடவில்லை. வீட்டுக்கு வந்த நர்ஸம்மா ஒருநாள், 'கேட்டுக்கு எத்தனை எட்டு?' என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன், 31. பன்னிரண்டாவது எட்டில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கேட்டில் இன்னொன்று. டாக்டர் சொன்னபடி அரை மணி நேரம் முன்னால் மார்ஃபின் என்ற வலி மாத்திரை. எட்டு வைக்கும்போது மூச்சை விடணும், நிற்கும்போது இழுக்கணும், உதட்டைக் குவித்து, சூடான டீயை ஊதுவதுபோல. மூச்சு முட்டினால் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, முழங்கையைத் தொடையில் ஊன்றிக்கொள்ள வேண்டும். நான் ஒரு பனையோலை விசிறியால் மூக்குக்கும் வாய்க்கும் நேராக வீசுவேன். முகத்தில் காற்றுப் பட்டாலே மூச்சுத்திணறல் தணியும், இதையும் ஆய்வு செய்து பார்த்திருக்கிறார்கள். பதினோரு நாள் கேட்டுக்குப் போனார். பிறகு முதல் நாற்காலி வரை. அதன் பிறகு கட்டிலை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டோம்.

உங்கள் மாமனாரின் தெம்பு ஒரு நாளைக்கு ஒரு குவளை என்று வைத்துக்கொள்ளுங்கள். குளிப்பதிலேயே அது தீர்ந்துபோனால் வாசலுக்கு மிச்சம் இருக்காது. வாசல்தான் வேண்டும் என்றால் அன்று உடம்பைத் துடைத்துவிட்டால் போதும். எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள், சொந்தக்காரர்களிடம் கேட்காதீர்கள். நடக்கவே முடியாத நாளில் கணுக்காலை மேலும் கீழும் பத்துத் தடவை ஆட்டச் சொல்லுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வையுங்கள். தூங்குகிற மனிதரைப் பயிற்சிக்காக எழுப்பாதீர்கள்.

தனியாகச் சமாளிக்காதீர்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வலி தணிப்புச் சிகிச்சையும் பிசியோதெரபியும் வீட்டுக்கே வந்து பார்க்க வேண்டும் என்று இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள். வரவில்லையென்றால் மறுபடி போய்க் கேளுங்கள்.

கைத்தடியை எந்தக் கையில் பிடிப்பது? வீட்டில் தினம் சண்டை.

எந்தக் கால் பலவீனமோ அதற்கு எதிர்க் கையில். நிமிர்ந்து நின்று கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை அளவுக்குத் தடியின் பிடி வர வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது தடியும் பலவீனமான காலும் முதலில். அடியில் ரப்பர் குல்லா இல்லாமல் நம் ஊர்ச் சரிவில் தடி ஊன்றாதீர்கள். மழைக்காலத்துக்கு முன் கழற்றிப் பார்த்து, வரி தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும், தடியைக் கையோடு எடுத்துப் போனால் அளவு தப்பாது.